செவ்வாய்க்கிழமை வசூல்

இடப்பக்கக் கண்ணாடி இல்லாத ஸ்கூட்டியில்
மாங்குளம் சந்தியில் கிழக்கே திரும்புவேன்.
இருக்கைக்கு அடியில் ரசீதுப் புத்தகம், மழைக்கோட்டு,
அம்மா கட்டித் தந்த இடியப்பம்,
ஏழு வயதில் பரிசாகக் கிடைத்த மரச்சிலுவை.
பரமண்டல ஜெபத்தைப் பிழையில்லாமல் சொன்னதற்கு.

ஒலுமடு தாண்டினால், மாசியில்,
தெருவில் பாதி நெல்லுக்குச் சொந்தம்.
மற்றப் பாதியில் நானும் பஸ்சும்
யார் முந்துவது என்று கண்ணால் பேசிக்கொள்வோம்.
கரிப்பட்டமுறிப்பில் ஆவி பறக்கும் யானை லத்தி.
பயமில்லையா பிள்ளை என்பார் போதகர்.
பயம்தான் ஐயா.
கண்ணை மூடாமல் நான் செய்கிற ஒரே ஜெபம்
அந்த இரண்டு மைல்தான்.

முத்தையன்கட்டில் மாமரத்தின் கீழ் பத்துப் பெண்கள்.
ஒருத்தி கட்டாவிட்டால் ஒன்பது பேரும் எழும்பக்கூடாது.
கம்பனி இதற்கு வைத்த பெயர் ஒற்றுமை.
மதியம் பன்னிரண்டுக்கு அந்த ஒற்றுமை
ஒருவர் முகத்தையும் பாராமல்
ஈர்க்கினால் மண்ணைக் கீறிக்கொண்டிருக்கும்.

அன்று புவிராணி வரவில்லை. வீட்டுக்குப் போனேன்.
"அம்மா இல்லை" என்றான் மகன்,
பாடமாக்கியது போல, மூச்சு விடாமல்.
கொடியில் சேலை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.
செருப்பு ஒன்று வாசலில், மற்றது பாதி வழியில்.
கிணற்றடிக்குப் பின்னால் யாரோ இருமலை விழுங்கினார்கள்.
நானும் ஏதோ விழுங்கினேன்.
டப்லெட்டில் மூன்று தெரிவுகள்:
கட்டினார். கட்டவில்லை. வீட்டில் இல்லை.
மூன்றாவதை அழுத்தினேன்.
பொய்ச்சாட்சி எத்தனையாவது கட்டளை என்று
வீடு வரை விரலில் எண்ணிக்கொண்டு வந்தேன்.

அடுத்த இரண்டு கிழமையும் என் சம்பளத்தில் இருந்து
ஆயிரத்து இருநூறு, ஆயிரத்து இருநூறு.
நல்லவள் என்று நினைக்காதீர்கள்.
மாத முடிவில் என் பெயருக்குப் பக்கத்தில்
சிவப்புப் புள்ளி விழக்கூடாது, அவ்வளவுதான்.
அவ்வளவு மட்டும்தானா, தெரியாது.

விஷயம் தெரிந்ததும் புவிராணி
சந்தையில் என்னைக் கண்டு
மீன் விலை கேட்கிற சாட்டில் திரும்பி நின்றாள்.
கடன் கம்பனிக்கு இருந்தபோது
என்னோடு சிரிப்பாள்.

ஞாயிறு.
தகரக் கூரை, கழுத்துத் திரும்பாத மின்விசிறி,
இருபத்து மூன்று பேர்.
ஜெபத்தில் கடன் என்ற சொல் வருகிற இடத்தில்
என் வாய் ஒட்டிக்கொள்கிறது.
மற்றவர்கள் அதைத் தாண்டி அப்பால் போய்விட்டார்கள்.
ஆண்டவரே, இந்தச் சொல்லில் நான் எந்தப் பக்கம்?
கேட்டு வருகிறவளா, கிணற்றடியில் ஒளிந்திருப்பவளா?
உம்முடைய புத்தகத்திலும்
வீட்டில் இல்லை என்றொரு கட்டம் உண்டா?
"என்னடி பெனிற்றா, பாதியில நிண்டிட்டாய்"
என்று முழங்கையால் இடித்தாள் அக்கா.

சோளகம் எழும்பின பிறகு ஒரு செவ்வாய்.
மாமரத்தடிக்குப் புவிராணி தானாக வந்தாள்.
காசு இல்லை.
ஒரு ஷொப்பிங் பை நிறையப் பாலைப்பழம்.
விடிய நாலு மணிக்குக் காட்டுக்குப் போனதாம்,
கரடி முந்திவிட்டதாம்,
அது சிந்தினதுதான் இவ்வளவும்.
"இது வட்டி" என்றாள். "முதல் பிறகு."
மற்ற ஒன்பது பேரும் சிரித்தார்கள்.
ரசீது எழுதவா என்றேன், பகிடிக்கு.
எழுது என்றாள், பகிடி இல்லாமல்.
திகதி. பெயர். பாலைப்பழம், ஒரு பை.
நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஒட்டுசுட்டான் தாண்டி ஸ்கூட்டியை நிறுத்தி
கை நிறைய அள்ளித் தின்றேன்.
பழத்தின் பால் பிடித்து
மேலுதடு கீழுதட்டை விடவில்லை.
அப்படியே ஜெபத்தை முதலில் இருந்து தொடங்கினேன்.
மூக்கால்தான் வந்தது, சொல் ஒன்றும் இல்லாமல்.
எந்த இடத்தில் எது என்று தெரியவில்லை.
எங்கேயும் நிற்காமல்
ஆமென் வரை போனது.